செல்லப் பிராணியின் உணவும் நம் பொறுப்பும்

வீட்டில் எஞ்சிய சோற்றை நாய்க்கு இடுவதே நம் முன்னோர் வழக்கம். நாய்க்கெனத் தனியே உணவு செய்து விற்கும் வணிகம் 1860-ஆம் ஆண்டளவில் இலண்டனில் தோன்றியது. அமெரிக்கரான ஜேம்ஸ் ஸ்ப்ராட் கோதுமை, காய்கறி, இறைச்சி ஆகியவற்றைக் கலந்து நாய் பிஸ்கட் செய்து விற்றார்.

முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் வண்டிகளும் டிராக்டர்களும் பெருகவே, அமெரிக்காவில் குதிரைகளுக்கு வேலை குறைந்தது. மனிதனுக்காக ஏரும் வண்டியும் இழுத்த அவ்வுயிர்களின் இறைச்சியே 1922 முதல் 'கென்-எல் ரேஷன்' என்னும் பெயரில் தகர டப்பாக்களில் நாயுணவாக அடைபட்டது. உழைத்து ஓய்ந்தவற்றுக்கு மனிதன் செய்த கைம்மாறு அதுவே!

பின்னாளில் மனிதரும் இவ்வணிகத்துக்கு இரையாயினர். தாய்லாந்துப் படகுகளில் கொத்தடிமைகளாய் வதைபட்டோர் பிடித்த சிறு மீன்கள் செல்லப் பிராணிகளின் உணவிலும் சேர்வதை 2015-இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் வெளிக்கொணர்ந்தது.

இதற்கஞ்சிப் பூனைக்கு மீனும் இறைச்சியும் மறுத்தல் அறமாகாது. அவற்றிலுள்ள டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ளாது. ஆனால் எங்கிருந்து, எவர் உழைப்பில் வந்தது எனக் கேட்டறிந்து வாங்குதலும், தேவைக்கு மேல் இடாதிருத்தலும் நம்மால் இயலும். வாயில்லா உயிரின் பசியாற்ற, வாயிருந்தும் பேச இயலாத ஏழையின் கண்ணீரை நாம் விலையாகக் கொடுக்கலாமா?