லின்சியானின் காய்கறி ஜாடிகள்

சீனாவின் ஹெனான் மாகாணத்தில், தைஹாங் மலையோரம் கிடக்கிறது லின்சியான். மழை பொய்த்தால் குடிதண்ணீருக்கே மலையேறி அலைய வேண்டிய ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு நோய்: உண்ட கவளம் இறங்காமல் அடைக்கும், ஆள் மெலிந்தே சாவார். உணவுக்குழாய்ப் புற்றுநோய். உலகிலேயே அது மிக அதிகமாகத் தாக்கிய இடங்களில் ஒன்று லின்சியான். குடியை மட்டும் காரணம் சொல்லித் தப்ப முடியவில்லை. குடிக்காத பெண்களையும் அது விடவில்லை. வீட்டில் மிச்சமீதி தின்ற கோழிகளின் தொண்டையிலும் புற்று இருந்தது.

ஆராய வந்தவர்களின் கண் சமையல்கட்டு ஜாடிகளில் விழுந்தது. முள்ளங்கி இலை, சர்க்கரைவள்ளி இலை எல்லாவற்றையும் நறுக்கி, கொதிநீரில் முக்கி, பெரிய மண்ஜாடியில் அமுக்கி, மேலே கல் வைப்பார்கள். வாரக்கணக்கில் புளிக்கும், மேலே வெள்ளையாகப் பூஞ்சை படரும். வருடத்தில் பல மாதங்கள் அதுதான் காய். புற்றை உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் அதில் இருந்தன. ஆசியாவின் இத்தகைய ஊறவைத்த காய்கறிகளைப் புற்று உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று 1993இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பட்டியலிட்டது. ஆனால் ஜாடி மட்டுமே குற்றவாளியல்ல. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், பழமே காணாத தட்டு, குடும்பத்தில் தொடரும் நோய் எல்லாம் சேர்ந்தே அந்த ஊரை வாட்டின.

பச்சைக் காய் விளையத் தண்ணீர் வேண்டுமே! 1960 முதல் 1969 வரை மக்கள் மலையைக் குடைந்து, சாங் நதியைச் செங்கொடிக் கால்வாயில் கொண்டுவந்தார்கள். மருத்துவ வரலாறு இதற்கு உரிய இடம் தரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தட்டில் இல்லாத சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று, 1986 முதல் 1991 வரை லின்சியானில் 40 முதல் 69 வயதுக்குட்பட்ட சுமார் 30,000 பேரிடம் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்ந்து பெற்றவர்களிடம் புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைந்தது. இரைப்பைப் புற்று மரணம் 21 சதவீதம். தேடிப்போன உணவுக்குழாய்ப் புற்றோ அவ்வளவாக அசையவில்லை. வாழ்நாள் முழுக்கக் கிடைக்காமல் போன பச்சைக் காய்க்கு, ஐந்து வருட மாத்திரை எப்படி ஈடாகும்?

லின்சியான் இன்று லின்சோ நகரம். இந்தப் புற்றால் இறப்பு விகிதம் குறைந்து வந்திருக்கிறது. நோயை முன்கூட்டியே கண்டறிய, எண்டோஸ்கோபி பரிசோதனையில் உணவுக்குழாயின் உட்புறத்தில் அயோடின் தெளிக்கிறார்கள். நல்ல திசு பழுப்பாகும், கெட்டது நிறம் பிடிக்காது. அந்த இடத்தில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கிறார்கள்.