மறைக்காட்டிலிருந்து மதுரைக்கு

"வேதாரண்யத்துக்காரர் நீங்க, ஊர் வரலாறு ஒண்ணு எழுதித் தாங்கண்ணே" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். வேதாரண்யம் என்றால் உப்பு. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி திருச்சியில் புறப்பட்டது, 28-இல் எங்கள் ஊர் வந்து சேர்ந்தது, தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டது, அதற்குப் பயப்படாத சனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டது, முகம் மழிக்க உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்த நாவிதர் வைரப்பன் சிறை சென்றது எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஆகவே இந்த முறை உப்பை விட்டுவிட்டு, அதற்கு ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரிலிருந்து புறப்பட்டதாகச் சொல்லப்படும் வேறொரு பயணத்தைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். அது வாதம் செய்யப் போன பயணம். முடிந்த இடம் கழுமரம்.

பெரியபுராணம் படித்தவர்களுக்குக் கதை தெரியும். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருமறைக்காட்டுக் கோயிலின் பெரிய கதவை வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போயின. அது திறக்கவே இல்லை. ஊரார் பக்கவாசல் வழியாகத்தான் உள்ளே போய் வந்தார்கள். அப்பர் ஒரு பதிகம் முழுவதும் பாடித் திறந்தார். சம்பந்தர் ஒரே பாட்டில் அடைத்தார். அந்த ஐதீக விழா இன்றும் நடக்கிறது. ஆனால் கதவுக்குப் பிறகு வருவதுதான் நமக்கு முக்கியம். மறைக்காட்டில் இருவரும் தங்கியிருந்தபோது பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அனுப்பிய ஆட்கள் மதுரையிலிருந்து வந்தார்கள். பாண்டியன் சமணனாகிவிட்டான், பிள்ளையார் வந்து காக்க வேண்டும் என்பது செய்தி. அப்பர் தடுத்தார். கோள்நிலை சரியில்லை என்றார். சமணர்கள் தமக்குச் செய்த கொடுமைகளையும் சொன்னார். தாமே ஒரு காலத்தில் தருமசேனர் என்ற பெயரில் சமணராக இருந்தவர், நீற்றறையும் நஞ்சும் யானையும் பார்த்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு எடை உண்டு. சம்பந்தர் கேட்கவில்லை. கோளறு பதிகத்தைப் பாடிவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்தப் பதிகம் பிறந்த ஊர் எங்கள் ஊர்தான் என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை உண்டு.

மதுரையில் அவர் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அந்தத் தீ பாண்டியனுக்கு வெப்பு நோயாகி, திருநீற்றால் தீர்ந்தது. பிறகு அனல்வாதம், புனல்வாதம். தோற்றால் எங்களைக் கழுவேற்றலாம் என்று சமணர்களே சொன்னதாகச் சேக்கிழார் எழுதுகிறார். தோற்றார்கள். எண்ணாயிரவர் கழுவேறினர்.

இந்த இடத்தில் சேக்கிழார் ஒரு பாட்டு வைத்திருக்கிறார். தமிழ் எம்.ஏ. படித்தவர்கள்கூடப் பலர் இதை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். அரசன் ஆணையைக் கேட்டபோது சம்பந்தர் என்ன செய்தார்? அவருக்குப் பகை இல்லை. ஆனாலும் சைவர் வாழும் மடத்துக்குச் சமணர் தீங்கு செய்தார்கள் என்பதால், இது தகும் என்று விலக்காமல் இருந்தார் என்கிறார் கவி. யாரும் கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "ஞானப்பால் உண்ட பிள்ளை ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாமே" என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே, அதுவும் பக்தர்களே, கேட்டிருக்கிறார்கள் என்பது என் ஊகம். அந்தக் கேள்வி சேக்கிழாரையும் உறுத்தியிருக்க வேண்டும். அவர் தந்த பதில், "முதலில் செய்தவர்கள் அவர்கள்" என்பது.

சரி, இது நடந்ததா? வரலாற்று மாணவன் என்ற முறையில் என் கருத்து: எண்ணாயிரம் பேரைக் கொன்றதற்குச் சான்று இல்லை. சம்பந்தர் தம் பதிகங்களில், பெரும்பாலும் பத்தாம் பாட்டில், சமணரையும் பௌத்தரையும் கடுமையாகத் திட்டுகிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கழுவேற்றத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தச் செய்தி முதலில் தலைகாட்டுவது சில நூற்றாண்டுகள் கழித்து, நம்பியாண்டார் நம்பியிடம். இடைப்பட்ட காலத்தில் பாண்டிய நாட்டுச் சமணம் அழிந்தும் போகவில்லை. கழுகுமலைச் சமணச் சிற்பங்கள் 8, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் 9-ஆம் நூற்றாண்டில், ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், சித்தன்னவாசல் குகைக்கோயிலைப் புதுப்பித்தார். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் அச்சணந்தி செதுக்குவித்த தீர்த்தங்கரர் உருவங்களை இன்றும் ஏறிப் பார்க்கலாம். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரும் இதை வரலாறாகக் கொள்ள முடியாத ஒரு கசப்பான கட்டுக்கதை என்றே ஒதுக்கினார்.

அப்படியானால் ஏன் சொன்னார்கள்? சோழ அரசவையில் சீவக சிந்தாமணியைச் சுவைத்துக் கொண்டிருந்த அரசனைத் திருப்பவே சேக்கிழார் அடியார் வரலாற்றைப் பாடினார் என்று ஒரு மரபு உண்டு. சமணக் காப்பியத்துக்கு அவ்வளவு மவுசு இருந்திருக்கிறது. வாதத்தில் தோற்று, கூண்டோடு ஒழிந்துபோனதாகச் சொல்லப்பட்டவர்கள் ஐந்நூறு ஆண்டு கழித்தும் அரசனின் காதைப் பிடித்து வைத்திருந்தார்கள்! அந்தப் போட்டிக் காலத்துக்கு வேண்டியிருந்த கதை இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது. இக்கதையை மதுரைத் தலபுராணத்தில் 'சமணரைக் கழுவேற்றிய படலம்' என்று தனிப் படலமாகவே பாடிய பரஞ்சோதி முனிவரும் திருமறைக்காட்டில் பிறந்தவர்தான். அதே ஊர்க் குடும்பத்தில் வந்தவர் தாயுமானவர். அவர் தந்தை கேடிலியப்பப் பிள்ளை எங்கள் ஊரிலிருந்து திருச்சி நாயக்கர் அரண்மனைக்குக் கணக்கு எழுதப் போனவர். மதங்களும் தத்துவங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதைக் கண்டு சலித்து, சமரசம் பேசியவர் தாயுமானவர். உப்புச் சத்தியாகிரகத்தின் தூணாக நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளையும் அந்த வழியில் வந்தவர் என்பார்கள். ஒரே ஊர் மண் இத்தனை விதமாக விளைந்திருக்கிறது. எதை எடுத்துப் பேசுவது என்பது பேசுகிறவர் கையில் இருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டில் இந்தக் கதை மேடைக்கு வந்தது. 1943-இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அண்ணா வாதாடினார், எதிரே ரா.பி. சேதுப்பிள்ளையும், பிறகு வேறொரு மேடையில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் நின்றார்கள். முதல் வாதம் நடந்த இடம் சென்னை சட்டக் கல்லூரி. நூலைக் கொளுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்று: மாணவர்கள் நிறைந்த மண்டபத்தில் இரண்டு தரப்பும் பேசின, கேட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள், தோற்றவர் வென்றவர் யாரென்று இன்றுவரை சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறோம், யாருக்கும் கழுமரம் நடப்படவில்லை. பின்னாளில் குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் மேடையில் மாறுபட்டார்கள், நேரில் ஒருவரையொருவர் மதித்தார்கள். குன்றக்குடி மடத்தில் வைத்த திருநீற்றைப் பெரியார் மறுக்காமல் ஏற்றுக்கொண்ட செய்தி நம் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

நம் விடுதியில் எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்த வாதம் அந்த அளவுக்குப் பெரியதல்ல. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஸ் வாசல் திண்ணையில் பேச்சு ஆரம்பிக்கும். ஒரு நாள் தி.க. அனுதாபி ஒருவன், "எட்டாயிரம் பேரைக் கழுவுல ஏத்தினவங்கதானடா நீங்க, அன்பே சிவம்னு வேற சொல்றீங்க" என்று ஆரம்பித்தான். சைவ வீட்டுப் பிள்ளை ஒருவன் சும்மா இருப்பானா? "மடத்துல நெருப்பு வெச்சது யாருடா? முதல்ல அதைச் சொல்லு" என்றான். சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. கூட்டத்தில் மன்னார்குடிப் பக்கத்து நயினார் வீட்டுப் பையன் ஒருவன் இருந்தான். தமிழ்ச் சமணர். அதுவரை வாயே திறக்காதவன், "எங்க தாத்தா இந்தக் கதையை வீட்டுல பேச விடமாட்டாரு. யாராவது எடுத்தா, அத்தனை பேரையும் கொன்னுட்டா நாம எங்கேர்ந்துடா வந்தோம்னு மட்டும் கேப்பாரு" என்றான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கீழ்வேளூர்ப் பக்கத்து நண்பன் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "முதல்ல யாரு செஞ்சாங்கன்ற பேச்சை எங்க ஊர்ப் பக்கமும் கேட்டேன்டா. வெண்மணியிலே."

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அன்று முன்னதாக நிலக்கிழார் தரப்பைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்டிருந்தார். அதை வைத்துக்கொண்டு நம் மாவட்டத்து டீக்கடைகளில் எத்தனை பேர் "அவன்க சும்மா இருந்திருந்தா இது நடந்திருக்குமா" என்று பேசினார்கள் என்பது அந்தக் காலத்தவர்களுக்குத் தெரியும். ஒருவரைக் கொன்றது குற்றம். அதற்குக் குடிசைக்குள் ஒளிந்த பிள்ளைகள் எப்படிக் கணக்கு? அந்தத் திண்ணையில் யாருக்கும் விடை வரவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு எங்கள் குழுவில் "முதலில் செய்தவன் யார்" என்று எவனாவது ஆரம்பித்தால், "வெண்மணி" என்று யாராவது ஒருவன் சொல்லி நிறுத்துவது வழக்கமாகிவிட்டது.

எண்பதுகளில் அந்த வழக்கம் தேவைப்பட்டது. கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் கரை கூப்பிடு தூரம் மாதிரி. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளும் வந்தார்கள், ஆயுதம் ஏந்திய பிள்ளைகளும் வந்து போனார்கள். ஊரே அள்ளிக் கொடுத்தது, கொடுத்ததில் தவறில்லை. ஆனால் 1986 மே மாதம் புலிகள் டெலோ தலைவர் சிறீ சபாரத்தினத்தைக் கொன்றபோதும், 1990 ஜூன் 19-இல் சென்னைக் கோடம்பாக்கத்திலேயே பத்மநாபாவும் உடனிருந்தவர்களும் சுடப்பட்டபோதும், "அவங்களும் செஞ்சாங்கல்ல, தகும்" என்ற அதே சொல்தான் டீக்கடைகளில் கேட்டது. தமிழன் தமிழனைக் கொல்வதை ஏன் என்று கேட்டவனுக்குத் துரோகிப் பட்டம் கிடைத்தது. எனவே பலர் கேட்கவில்லை.

1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் உடனிருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். கொலையாளிகள் அந்த மாதத் தொடக்கத்தில் கோடியக்கரையில் வந்து இறங்கினார்கள் என்று புலனாய்வு சொன்னது. அதோடு கரையோரத்தில் பேச்சே நின்றுபோனது. நேற்றுவரை ஆதரித்துப் பேசியவனும் விமரிசித்தவனும் ஒன்றாக வாயை மூடினார்கள். போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்கள். "அவங்கதானே செஞ்சாங்க" என்ற சொல் இப்போது திரும்பி, கொலையில் எந்தச் சம்பந்தமும் இல்லாத அகதிக் குடும்பங்கள் மேல் விழுந்தது. 1992 மே 14-இல் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டது. தடை செய்யப்பட்ட இயக்கத்தைப் பற்றிப் பேசலாமா, எந்த அளவுக்குப் பேசலாம் என்ற கேள்வி அதன் பிறகு வெகுகாலம் நீதிமன்றங்களில் கிடந்தது. 2002 ஜூலையில் வைகோ மேடைப் பேச்சுக்காகப் பொடாவில் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையிருந்தார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் நோக்கம் இல்லாமல் வெறுமனே ஆதரவாகப் பேசுவது அந்தச் சட்டப்படி குற்றமாகாது என்று விளக்கியது. சட்டத்தையே மறு ஆண்டு ரத்து செய்துவிட்டார்கள்.

இன்றைய மாணவர்கள், "மதம், அரசியல் பேசாதீங்கன்னு வீட்டுல சொல்லி அனுப்புறாங்க சார்" என்கிறார்கள். வீட்டாருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மெஸ் திண்ணையில் அன்று அந்தப் பேச்சு நடக்காமல் இருந்திருந்தால், நயினார் வீட்டுப் பையன் எங்களோடு மூன்று வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டும் அவன் தாத்தாவின் கேள்வி எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

சமணர்கள் மதுரைக் கதையோடு முடிந்துவிட்டார்கள் என்று எண்ணுபவர்கள் அதிக தூரம் போக வேண்டாம். வேதாரண்யத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாக மன்னார்குடிக்குப் பஸ் ஏறினால் அங்கே மல்லிநாதர் கோயில் இருக்கிறது. திருவாரூர் மாவட்டத்திலேயே, கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார் பிறந்ததாகச் சொல்லப்படும் தீபங்குடியில் இன்னொரு பழைய சமணக் கோயில் உண்டு. வரலாற்றுத் துறை மாணவர்கள் கல்விச் சுற்றுலாவுக்கு வெளியூர்ப் பட்டியல் போடும்போது இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். போய் வர ஒரு பகல் போதும், செலவும் அதிகம் ஆகாது.