சாரதியின் விரலும் பொறியின் தீர்ப்பும்

மோட்டார் வண்டி செலுத்துவோர் செய்யும் வேலைகளுள் மிகக் கடினமானது யாது என்று நூறாண்டுக்கு முன் வாழ்ந்த சாரதி ஒருவரைக் கேட்டிருப்பின், கியர் மாற்றுவதே என்று அவர் தயங்காது விடை பகர்ந்திருப்பார். இன்று அதே வேலை பல வண்டிகளிற் சாரதியின் கவனத்துக்கே வாராமல் நடைபெறுகின்றது. கிளச் மிதி இல்லை. முன்னும் பின்னும் தள்ளிக் கியர் தேடும் வேலையும் இல்லை. ஆயினும், அத்தகைய தன்னியக்க வண்டிகள் பலவற்றிற் சுக்கான் சில்லின் பின்புறத்தே, இடத்தும் வலத்தும், துடுப்பின் அலகு போன்ற இரு சிறு தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. 'பாடில் ஷிப்டர்' என வழங்கும் இவற்றுள் வலப்புறத்ததை இழுத்தால் வண்டி மேல் கியருக்கும், இடப்புறத்ததை இழுத்தாற் கீழ்க் கியருக்கும் மாறுவது பெருவழக்கு. தானே இயங்கும் பொறிக்குச் சாரதியின் விரல் எதற்கு? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

நீராவி இயந்திரம் நின்ற நிலையிலிருந்தே முழு வலுவோடு இழுக்க வல்லது. பெற்றோல் இயந்திரமோ அத்தகையதன்று. ஓரளவு விரைவாகச் சுழலும்போதே அதற்கு வலு உண்டு. மெல்லச் சுழன்றால் அது திணறி நின்றுவிடும். எனவே, இயந்திரத்தின் சுழற்சியைச் சில்லுகளின் தேவைக்கேற்ப மாற்றிக் கொடுக்கப் பற்சில்லுகள் நிறைந்த பெட்டி ஒன்று வேண்டியதாயிற்று. புறப்படுவதற்கும் ஏற்றம் ஏறுவதற்கும் கீழ்க் கியர்; சமதரையில் விரைந்து செல்வதற்கு மேல் கியர். தொடக்க காலப் பெட்டிகளில், வெவ்வேறு வேகத்திற் சுழலும் இரு பற்சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்தும் பொறுப்பு முழுவதும் சாரதியின் கையையும் காலையும் செவியையும் சார்ந்திருந்தது. கணம் தவறினாற் பற்கள் உராய்ந்து அலறும்.

இத்துன்பத்தைக் குறைக்க இருவர் இருவேறு வழிகளில் முயன்றனர். அமெரிக்கரான ஏர்ல் தொம்சன், இணையவிருக்கும் பற்சில்லுகளின் வேகத்தை முதலில் ஒன்றாக்கிப் பின்னர் அவற்றைப் பொருத்தும் அமைப்பை வகுத்தார். 1928ஆம் ஆண்டிற் கடிலாக் வண்டிகள் அதனை ஏற்றன. இங்கிலாந்திலே, முதலாம் உலகப் போரில் டாங்கியை உருவாக்கியோருள் ஒருவரான வோல்ட்டர் கோர்டன் வில்சன், முன்தெரிவுக் கியர்ப் பெட்டியை அமைத்தார். அடுத்து வேண்டிய கியரைச் சாரதி சுக்கானின் அருகிலுள்ள சிறு நெம்பினால் முன்னரே தெரிந்து வைத்துக்கொள்வார். வேண்டிய தருணத்தில் இடக்கால் மிதியை அழுத்தியதும் பொறி அம்மாற்றத்தைச் செய்து முடிக்கும். 1930களில் டெய்ம்லர் வண்டிகளும் இலண்டன் மாநகரப் பேருந்துகளும் இம்முறையைக் கையாண்டன. முடிவு எடுத்தல் வேறு, அதனை நிறைவேற்றுதல் வேறு என்ற பிரிவு இங்கே முதன்முதலாகத் தெளிவுற்றது. முடிவு மனிதனுடையது; உழைப்புப் பொறியினுடையது.

அடுத்த அடி இதனினும் பெரிது. 1939ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்காவின் ஒல்ட்ஸ்மொபீல் நிறுவனம் 'ஹைட்ரா-மற்றிக்' என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் முன்னர்க் கூறிய தொம்சனே. கிளச்சின் இடத்தை எண்ணெய் நிறைந்த திரவ இணைப்பு பெற்றது. ஜேர்மனியரான ஹேர்மன் பெற்றிங்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கப்பல்களின் பொருட்டு வகுத்த தத்துவம் இவ்வாறு தரைக்கு வந்து சேர்ந்தது. வண்டியின் வேகத்தையும் சாரதியின் கால் அழுத்தத்தையும் எண்ணெயின் அமுக்கத்தால் அளந்து, நான்கு கியர்களையும் பெட்டி தானே மாறியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இலகு டாங்கிகளிலும் அது பணியாற்றித் தன் உறுதியை நிலைநாட்டியது. உழைப்போடு முடிவையும் பொறியே மேற்கொண்டது.

பெருந்தொகையான மக்களுக்கு இது நன்மையே செய்தது என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. வண்டி இப்பொழுது என்ன வேகத்திற் செல்கின்றது என்பதைப் பொறி அறியும். அடுத்த வளைவுக்கு அப்பால் யாது உளது என்பதை அஃது அறியாது. நீண்ட மலைச் சரிவில் இறங்கும் வண்டியை எண்ணிப் பார்க்கலாம். சாரதி விசை மிதியிலிருந்து காலை எடுத்ததும், வலுத் தேவையில்லை என்று கருதும் பொறி மேல் கியருக்குச் சென்றுவிடக்கூடும். வண்டி மேலும் விரையும். சாரதி பிறேக்கை மிதித்த வண்ணமே இருப்பார். உராய்வினால் எழும் வெப்பம் பிறேக்கின் பிடியைத் தளர்த்தும். பிறேக் எண்ணெயே கொதிக்கும் நிலையும் நேரலாம். அப்பொழுது மிதி இருக்கும், தடை இராது. கீழ்க் கியரில் இறங்கினாலோ இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்த முயலும். நெம்பின்வழிக் கீழ்க் கியரை வற்புறுத்தும் வசதி பழைய தன்னியக்க வண்டிகளிலும் இருந்ததாயினும், ஒவ்வொரு கியரையும் சாரதி விரும்பியவாறு தெரியும் உரிமை அவற்றிற் குறைவே.

கட்டளையைச் சுக்கானுக்குக் கொண்டுவரும் முயற்சியும் எளிதில் வெற்றி பெறவில்லை. 1957இல் வெளிவந்த அமெரிக்க எட்சல் வண்டியிற் கியர்ப் பொத்தான்கள் சுக்கானின் நடுவிலே அமைக்கப்பட்டன. ஊதுகுழல் இருந்து பழகிய இடம் அது, சாரதியர் மயங்கினர். அவ்வமைப்பு ஓராண்டோடு கைவிடப்பட்டது. கருவி கைக்கு அருகில் இருந்தால் மட்டும் போதாது, கையின் பழக்கத்துக்கும் இசைய வேண்டும் என்பதை அத்தோல்வி உணர்த்தியது.

வெற்றி பந்தயக் களத்திலிருந்து வந்தது. இத்தாலிய பெராரி நிறுவனத்துக்கு வண்டி வகுத்துக் கொடுத்த ஆங்கிலேயரான ஜோன் பார்னாட், கியர் நெம்பை அகற்றினால் ஓட்டுநர் அமரும் கூட்டை ஒடுக்கமாக்கலாம், சுக்கானிலிருந்து கையை எடுக்கும் தேவையும் ஒழியும் என்று கண்டார். சுக்கானின் பின் இரு துடுப்புகள். அவற்றின் மின்சாரக் கட்டளைப்படி நீரியல் அமுக்கம் கியரை மாற்றும். முன்னோட்டங்களில் அவ்வண்டி அடிக்கடி பழுதுற்றது. 1989 மார்ச் 26இல் பிறேசிலில் நடந்த பந்தயத்தில் அது முடிவுவரை ஓடும் என எதிர்பார்த்தோர் சிலரே. இடையிற் சுக்கான் சில்லையே மாற்ற நேர்ந்தும், நைஜல் மான்செல் முதலாவதாக வந்தார். பின் வந்த பந்தயங்களில் அதே பெட்டி பலமுறை காலை வாரியது. ஆயினும் முறை பிழையன்று, உறுப்புகளே முதிரவில்லை என்பது விரைவிற் புலப்பட்டது. 1990களின் நடுப்பகுதிக்குள் அவ்வகைப் பந்தயத்தில் ஏறத்தாழ அனைவரும் இம்முறைக்கு மாறினர்.

அதே 1989இல் போர்ஷ் நிறுவனம் 'டிப்ரொனிக்' என்னும் தன்னியக்கப் பெட்டியை வெளியிட்டது. வேண்டியபோது நெம்பை முன்னோ பின்னோ தட்டி ஒவ்வொரு கியராக மாற்றும் உரிமை அதிற் சாரதிக்குக் கிடைத்தது. 1997இல் பெராரி எப்355 வண்டியின் வழியே பந்தயத் துடுப்பு பொதுச் சாலைக்கு வந்தது. அதன்பின் இவ்விரு ஓடைகளும் ஒன்று கலந்து, குடும்ப வண்டிகளிலும் துடுப்புகள் தோன்றின.

இத்துடுப்பு கியரை நேரே அசைப்பதில்லை. அது வெறும் மின் ஆளியே. அதனை இழுத்ததும் சாரதியின் விருப்பம் ஒரு கணினிக்குத் தெரிவிக்கப்படும். கேட்ட கியரால் இயந்திரம் அளவு மீறிச் சுழலும் எனக் கண்டாற் கணினி மறுத்துவிடும். சாதாரண ஓட்ட நிலையிலே துடுப்பைத் தொட்டுவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தால், பல வண்டிகளிற் பொறி மீண்டும் தன் பொறுப்பை ஏற்கும். சரிவு தொடங்குமுன்னரே ஒன்றிரண்டு கியர் கீழிறக்குவதும், முந்திச் செல்லும் தறுவாயில் வலுவை முன்கூட்டியே ஆயத்தமாக்குவதும் இதன் தலையாய பயன்கள். வழுக்கும் ஈரச் சாலையிற் சடுதியாகக் கீழ்க் கியருக்கு மாறினாற் சில்லுகள் சறுக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகத் தன்னியக்க வண்டியில் இறங்குவோருக்கு இவை ஏட்டுச் செய்திகள் அல்ல. உயிர் காக்கும் அறிவு.

வரலாற்றின் அண்மைத் திருப்பம் வியப்புக்குரியது. மின்சார வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் மாற்றுவதற்குப் பல கியர்களே இல்லை. ஆயினும் அவற்றுட் சிலவற்றிலும் துடுப்புகள் உள்ளன. வண்டி தளரும்போது மோட்டார் மின்னாக்கியாகி மின்கலத்துக்கு மின்னூட்டும். அத்தளர்ச்சி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அங்கே விரல் தீர்மானிக்கின்றது. பற்சில்லுகள் போனபின்னும் துடுப்பு நிலைத்திருப்பதன் காரணம் யாது? சாரதி விட்டுக்கொடுக்க விரும்பியது உழைப்பை மட்டுமே. முன்னே கிடக்கும் வழியைக் கண்ணாற் கண்டு, அதற்கேற்ப முன்கூட்டியே முடிவு செய்யும் பொறுப்பு இன்னும் அவரிடமே இருக்கின்றது.