கடினமான சுடோக்கு: குத்துமதிப்பாகப் போடாமல் முடிப்பது எப்படி?

நாளிதழில் வரும் சுடோக்குவில் 'சுலபம்' என்று போட்டிருப்பதைப் பசியாறி முடிப்பதற்குள் முடித்துவிடுவோர் நம்மிடையே நிறைய பேர். 'கடினம்' என்று போட்டிருந்தால் பாதியில் நின்றுவிடும். அதன் பிறகு பலரும் செய்வது ஒன்றுதான். ஒரு கட்டத்தில் இரண்டு எண்கள் வரலாம் என்றால், அதில் ஒன்றைக் குத்துமதிப்பாக எழுதிவிட்டுத் தொடர்வார்கள். கடைசி வரிசைக்கு வரும்போது இரண்டு 6 வந்து நிற்கும். எங்கே பிசகியது என்று தேடவும் முடியாது.

என் பெரியப்பா செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் கெட்டி. தினமும் பேனாவால் சுடோக்கு போடுவார். கடினமானது வரும் நாளில் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, "வயசாயிருச்சிமா, மூள முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது" என்பார். சில மாதங்களாக இதையே சொல்லிக்கொண்டிருந்ததால் வீட்டில் எல்லாருக்கும் கவலை. ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மூளை நன்றாகத்தான் ஓடுகிறது. கடினமான புதிருக்கென்று சில உத்திகள் இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உத்திகளுக்கு முன் கொஞ்சம் வரலாறு. பெயர் ஜப்பானியப் பெயர் என்றாலும் இன்றைய வடிவில் இந்தப் புதிரை உருவாக்கியவர் ஹாவர்ட் கார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. 1979-இல் 'நம்பர் பிளேஸ்' என்ற பெயரில் அங்குள்ள டெல் புதிர் இதழில் அது வெளிவந்தது. 1984-இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. எண்கள் 'மணமாகாமல் தனியாகவே இருக்க வேண்டும்' என்று பொருள்படும் நீண்ட ஜப்பானியத் தொடரின் சுருக்கமே சுடோக்கு. ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்த வெயின் கூல்ட் என்பவர், புதிரைத் தயாரிக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதி லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கொடுத்தார். 2004 நவம்பரில் அது வெளிவந்த பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. கார்ன்ஸ் அதைப் பார்க்கவில்லை. 1989-லேயே காலமாகிவிட்டார்.

ஒரு தவறான எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். கொடுக்கப்பட்ட எண்கள் குறைவாக இருந்தால் புதிர் கடினம் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ஒரே விடை வருவதற்குக் குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்று 2012-இல் டப்ளின் ஆய்வாளர்கள் கணினி மூலம் நிரூபித்தார்கள். அந்த 17 எண் புதிர்களிலேயே சாதாரண முறையில் முடிந்துவிடுபவை உண்டு. 25 எண்கள் கொடுத்தும் திணறடிப்பவை உண்டு. எந்த உத்தி தேவைப்படுகிறது என்பதே கடினத்தைத் தீர்மானிக்கிறது.

பேனாவை வைத்துவிடுங்கள்

முதல் வேலை, பென்சில் எடுப்பது. காலியாக உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் எந்தெந்த எண்கள் வரலாமோ, அவற்றை மூலையில் பொடியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியப்பா இதை ஒப்புக்கொள்ளவே ஒரு வாரம் ஆனது. மனத்துக்குள் போடுவதுதான் திறமை என்பது அவர் கட்சி. ஆனால் இனிச் சொல்லப்போகும் எதுவும் இந்தக் குறிப்புகள் இல்லாமல் கண்ணில் படாது. இந்த உத்திகளில் பெரும்பாலானவை எண்ணை நேராகக் கண்டுபிடித்துத் தருவதில்லை. வர முடியாத குறிப்புகளை அழிக்கத்தான் உதவுகின்றன.

குறித்தவுடன் இணைகளைத் தேடுங்கள். ஒரு கிடைவரிசையில் இரண்டு கட்டங்களில் 2, 7 மட்டுமே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பேருந்தில் இரண்டு இருக்கைகள் இரண்டு பேருக்குப் பதிவாகிவிட்டது போல இது. யார் சன்னலோரம் என்று தெரியாது. மூன்றாமவருக்கு அங்கே இடமில்லை என்பது மட்டும் தெரியும். ஆகவே அந்த வரிசையின் மற்றக் கட்டங்களில் உள்ள 2, 7 இரண்டையும் அழித்துவிடலாம். 2, 7, 9 என்றிருந்த கட்டத்தில் 9 மட்டும் மிஞ்சும்.

இதையே திருப்பியும் பார்க்கலாம். ஒரு பெட்டிக்குள் 1-உம் 6-உம் இரண்டே கட்டங்களில்தான் வர முடியும் என்றால், அந்த இரண்டு கட்டங்களிலும் அவற்றைத் தவிர மற்றக் குறிப்புகளை அழிக்கலாம். இந்த இணை மற்ற எண்களுக்கு நடுவே ஒளிந்திருப்பதால் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். இன்னொன்று, இடது மேல் பெட்டியில் 4 வரக்கூடிய கட்டங்கள் எல்லாமே முதல் கிடைவரிசையில் அமைந்துவிட்டால், அந்த வரிசையின் மீதி ஆறு கட்டங்களிலும் 4 வராது. நாளிதழில் வரும் 'கடினம்' பல இந்த மூன்றிலேயே விழுந்துவிடும்.

எக்ஸ்-விங்

விழவில்லை என்றால் அடுத்து எக்ஸ்-விங். இதில் ஒரே ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பலகை முழுக்கப் பார்க்க வேண்டும். 5 என்று வைத்துக்கொள்வோம்.

2-ஆம் கிடைவரிசையில் 5 வரக்கூடிய இடங்கள் இரண்டே இரண்டு. அவை 3-ஆம் நெடுவரிசையிலும் 8-ஆம் நெடுவரிசையிலும் உள்ளன. 7-ஆம் கிடைவரிசையிலும் அதே 3, 8 நெடுவரிசைகளில் மட்டுமே 5 வர முடியும். நான்கு கட்டங்களும் ஒரு செவ்வகமாக நிற்கின்றன அல்லவா? இப்போது மேலே 3-இல் 5 வந்தால், கீழே 8-இல்தான் வர வேண்டும். மேலே 8-இல் வந்தால், கீழே 3-இல் வர வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் 3-ஆம் நெடுவரிசைக்கும் 8-ஆம் நெடுவரிசைக்கும் உரிய 5 இந்த நான்கு கட்டங்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆகவே அந்த இரண்டு நெடுவரிசைகளிலும் வேறு எங்கே 5 குறித்திருந்தாலும் அழித்துவிடலாம்.

எது சரி என்று தெரியாமலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம் என்பதைக் கவனியுங்கள். பெரியப்பா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தாளை என் கையிலிருந்து வாங்கி, மீண்டும் ஒருமுறை அவரே செவ்வகத்தை வரைந்து பார்த்தார்.

இதே கணக்கை மூன்று கிடைவரிசை, மூன்று நெடுவரிசைக்கு விரித்தால் அதற்கு சுவார்ட்ஃபிஷ், அதாவது வாள்மீன் என்று பெயர். தர்க்கம் ஒன்றுதான், பார்ப்பதற்குத்தான் கண் வேண்டும்.

எக்ஸ்ஒய்-விங் வேறு வகை. 5-ஆம் கிடைவரிசையும் 5-ஆம் நெடுவரிசையும் சந்திக்கும் நடுக்கட்டத்தில் 2, 5 என்று இருக்கிறது. அதே கிடைவரிசையில் 2-ஆம் நெடுவரிசைக் கட்டத்தில் 2, 9. நடுக்கட்டத்துக்கு நேர் கீழே 8-ஆம் கிடைவரிசையில் 5, 9. நடுவில் 2 வந்தால் இடப்பக்கம் 9. நடுவில் 5 வந்தால் கீழே 9. இரண்டில் ஒன்று கட்டாயம் 9. ஆகவே அந்த இரண்டையும் 'பார்க்கும்' கட்டத்தில், அதாவது 8-ஆம் கிடைவரிசையும் 2-ஆம் நெடுவரிசையும் சந்திக்கும் இடத்தில், 9 வர முடியாது.

சர்ச்சைக்குரிய ஒன்று

இரண்டு கிடைவரிசை, இரண்டு நெடுவரிசை, ஆனால் இரண்டே பெட்டிகளுக்குள் அடங்கும் நான்கு கட்டங்கள். மூன்றில் 3, 8 மட்டும் இருக்கிறது. நான்காவதில் 3, 6, 8. அப்படியானால் நான்காவது கட்டம் 6 என்று உடனே எழுதலாம். ஏன்? நான்கிலும் 3, 8 என்றே இருந்துவிட்டால் அவற்றை இடம் மாற்றிப் போட்டாலும் சரியாக வரும். புதிருக்கு இரண்டு விடைகள் ஆகிவிடும். நல்ல சுடோக்குவுக்கு விடை ஒன்றுதான்.

இது புதிரைத் தீர்ப்பதல்ல, தயாரித்தவரின் நாணயத்தை நம்பிப் போடுவது என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். பெரியப்பாவும் அந்தக் கூட்டம்தான். ஒரே விடை என்பதும் விதிகளில் ஒன்றுதானே, பயன்படுத்தினால் என்ன தவறு என்பது என் எண்ணம். தரமில்லாத செயலிகளில் வரும் புதிர்களில் மட்டும் இதை நம்ப வேண்டாம்.

எல்லாம் செய்தும் நின்றுவிட்டால், இரண்டே எண்கள் உள்ள ஒரு கட்டத்தை எடுத்து, இரண்டையும் தனித்தனியாகப் போட்டு, தனித்தாளில் தொடர்ந்து பாருங்கள். இரண்டு வழியிலும் வேறொரு கட்டத்தில் ஒரே எண் வந்தால் அது உறுதி. ஒரு வழி முரணில் முடிந்தால் மற்றது உறுதி. குத்துமதிப்பாக எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு, இங்கே இரண்டு வழியையும் சோதித்த பிறகே புதிரில் எழுதுகிறோம் என்பதுதான்.

முதல் உலக சுடோக்கு போட்டி 2006-இல் இத்தாலியின் லூக்கா நகரில் நடந்தது. வென்றவர் செக் நாட்டைச் சேர்ந்த யானா தைலோவா, தொழிலால் ஒரு கணக்காளர். இதைச் சொன்னதும் பெரியப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கணக்குப் பாக்கிறவங்களாச்சே, வராதா பின்ன" என்றார். பென்சில் இப்போது அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வாள்மீன் மட்டும் இன்னும் மாட்டவில்லை.