காசில்லாதவர்களின் பந்தயக் கார்

மோட்டார் கார்களின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுகிறார்கள். எந்த ஆண்டில் எந்த வண்டி வெளிவந்தது, எத்தனை விற்றது, எப்போது நிறுத்தப்பட்டது என்பதோடு அத்தியாயம் முடிந்துவிடும். ஆனால் ஒரு காரின் வாழ்நாளில் தொழிற்சாலையில் அது கழிக்கும் காலம் மிகச் சொற்பம். அதன்பிறகு முப்பது நாற்பது ஆண்டுகள் அது கைமாறுகிறது, பழுதாகிறது, பழுது பார்க்கப்படுகிறது, சில வேளைகளில் வேறொன்றாகவே மாறிவிடுகிறது. இந்த இரண்டாம் வாழ்க்கைக்கு வரலாறு உண்டா? உண்டு என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த சான்று, பிரிட்டனில் ஆஸ்டின் 7 என்ற சின்னஞ்சிறு காரைப் பிரித்துப் போட்டு, கையிலிருந்த சொற்பக் காசில் பந்தயக் கார்களாக்கிய ஒரு தலைமுறையின் கதை. அப்படி உருவான வண்டிகளை அவர்கள் 'ஸ்பெஷல்' என்று அழைத்தார்கள்.

அந்தக் காரின் பிறப்பே பணமுடையில் நிகழ்ந்ததுதான். ஹெர்பர்ட் ஆஸ்டின் பர்மிங்ஹாமுக்கு அருகே லாங்பிரிட்ஜில் 1905இல் தொடங்கிய நிறுவனம், முதல் உலகப் போருக்குப் பின் கடனில் மூழ்கியது. 1921இல் அதன் கணக்கு வழக்குகள் கடன்காரர்களின் சார்பில் நியமிக்கப்பட்டவரின் மேற்பார்வையில் இருந்தன. சின்னக் கார் ஒன்று செய்யலாம் என்ற ஆஸ்டினின் யோசனையை இயக்குநர் குழு ஏற்கவில்லை. அவரும் விடவில்லை. ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது வரைபடக்காரரைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்து, பில்லியர்ட்ஸ் அறையில் உட்காரவைத்து, தம் சொந்தச் செலவில் வரைபடங்களைத் தயாரித்தார். பின்னாளில் விற்ற ஒவ்வொரு காருக்கும் 2 கினி அவருக்கு உரிமத் தொகையாகக் கிடைத்தது என்பது அந்த இயக்குநர்களுக்குக் காலம் அளித்த பதில். 1922 ஜூலையில் கார் அறிமுகமானது. 1939இல் உற்பத்தி நிற்பதற்குள் சுமார் 2,90,000 வண்டிகள் வெளிவந்தன. ஜெர்மனியில் டிக்சி என்ற பெயரில் உரிமம் பெற்று இதைத் தயாரித்த ஐஸனாக் தொழிற்சாலையை 1928இல் வாங்கித்தான் பி.எம்.டபிள்யூ. கார் தொழிலுக்குள்ளேயே நுழைந்தது.

காரின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். இல்லாவிட்டால் பிற்காலத்து இளைஞர்கள் ஏன் இதையே தேடிப்போனார்கள் என்பது புரியாது. பட்டறைகளில் சேஸிஸ் என்று சொல்லும் அடிச்சட்டகம் ஆங்கில 'ஏ' எழுத்தின் வடிவில் அமைந்திருந்தது. முன்னால் கூர்ந்து, பின்னால் விரியும் இரண்டு இரும்புக் கைகள், அவ்வளவே. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 75 அங்குலம். முன்பக்கம் குறுக்காக ஒரு ஸ்பிரிங், பின்பக்கம் சட்டகத்தின் முனையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்வட்ட ஸ்பிரிங்குகள். எஞ்சின் நான்கு சிலிண்டர்கள் கொண்டது. முதலில் 696 சி.சி., 1923 முதல் 747 சி.சி. அலுமினியத்தாலான அடிப்பெட்டியின் மேல் வார்ப்பிரும்பு சிலிண்டர் தொகுதி தனியாகத் திருகப்பட்டிருக்கும். கழற்றினால் ஒருவரே தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் வைத்துப் பிரிக்கலாம். (வைத்தார்கள் என்பதற்கும், வீட்டிலிருந்த பெண்கள் அதற்கு என்ன சொன்னார்கள் என்பதற்கும் அக்கால நினைவுக் குறிப்புகளில் குறைவில்லை.) பளு தூக்கும் கருவி வேண்டாம், பட்டறை வேண்டாம், வேலைக்கு ஆள் வேண்டாம்.

குறைகளும் எளியவையே, எல்லோரும் அறிந்தவையே. கிராங்க் ஷாஃப்டை இரு முனைகளிலும் மட்டுமே பேரிங்குகள் தாங்கின. வேகம் கூடினால் அது நடுவில் சாட்டைபோல் வளைந்தாடும். நடு பேரிங் 1936இல்தான் வந்தது. கேபிளால் இழுக்கப்படும் பிரேக்குகளின் செயல்திறன், ஓட்டுபவரின் தொலைநோக்குப் பார்வையையும் இறைநம்பிக்கையையும் பெரிதும் சார்ந்திருந்தது.

போருக்கு முன்பே இதைப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களுள் முதன்மையானவர் அலெக் இஸிகோனிஸ். 1930களில் ஜார்ஜ் டவ்ஸன் என்ற நண்பருடன் சேர்ந்து, மின்கருவிகள் ஏதுமின்றி, கைக்கருவிகளை மட்டுமே கொண்டு அவர் ஒரு ஸ்பெஷலைக் கட்டினார். முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. அதில் தனிச் சட்டகம் இல்லை. அலுமினியம் ஒட்டிய பிளைவுட் பக்கச் சுவர்களே சுமை தாங்கின. ஸ்பிரிங்குகளின் இடத்தில் ரப்பர். இருபது ஆண்டுகள் கழித்து இதே மனிதர் மினி காரை வடிவமைத்தபோது, அதற்கும் ரப்பரையே ஸ்பிரிங்காக வைத்தார்.

ஆனாலும் ஸ்பெஷல்களின் பொற்காலம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையதுதான். பொற்காலம் என்ற சொல் இங்கே சற்று விநோதமாக ஒலிக்கிறது, ஏனெனில் அது பஞ்ச காலம். பிரிட்டனுக்கு அன்று வேண்டியிருந்தது டாலர். புதிய கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போயிற்று. உள்நாட்டில் ஒன்று வாங்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்த பிறகும் உடனே விற்கமாட்டேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். விற்பனை வரி 1951இல் எல்லாக் கார்களுக்கும் 66⅔ சதவீதம் ஆயிற்று. 1950 மே மாதம் வரை பெட்ரோலுக்கும் பங்கீடு. போரில் விமானங்களையும் டாங்கிகளையும் பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்களின் கையில் தொழில் இருந்தது, மனத்தில் வேகத்தின் சுவை இருந்தது, சட்டைப்பையில் மட்டும் ஒன்றுமில்லை. காயலான் கடைகளிலோ உடல் உளுத்துப்போன ஆஸ்டின் 7 கார்கள் குவிந்து கிடந்தன.

வேலை ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடந்தது. முதலில் பழைய உடலைக் கழற்றி எறிவது. மரச்சட்டத்தின் மேல் தகடு அறைந்த அந்தக் கூண்டு வண்டியின் எடையில் பெரும்பங்கு. அடுத்து, பகர வடிவ இரும்பாலான சட்டகத்தின் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடுவது. பெட்டிபோல் ஆனதும் அது முறுக்கத்தைத் தாங்கும். ஸ்பிரிங்குகளைத் தட்டையாக்கி வண்டியைத் தாழ்த்துவது. முன் அச்சை நடுவில் அறுத்து இரண்டாக்கி, சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடுமாறு செய்வது (இதைப் பரவலாக்கியவர் லெஸ்லி பலாமி). சிலிண்டரின் தலைப் பகுதியைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது. வேறு கார்களிலிருந்து கழற்றிய ஹைட்ராலிக் பிரேக்கைப் பொருத்துவது. உடலுக்குக் கிடைத்த அலுமினியத் தகடு. 1950களின் நடுவிலிருந்து தபாலில் வரவழைக்கக்கூடிய ஃபைபர் கிளாஸ் கூடு. இத்தகைய உதிரிகளை விற்க ஒரு குடிசைத் தொழிலே எழுந்தது. லூட்டனில் ஸ்பீடெக்ஸ் என்ற பெயரில் அதை நடத்திய ஜெம் மார்ஷ், பின்னர் ஃபிராங்க் காஸ்டினோடு சேர்ந்து மார்காஸ் என்ற கார் நிறுவனத்தைத் தொடங்கினார்.

இந்தப் பரவலான கைவேலைக்கு இலக்கணம் வகுத்தது 750 மோட்டார் கிளப். பில் பாடி என்ற பத்திரிகையாசிரியரின் முயற்சியில் 1939இல் தோன்றிய இச்சங்கத்தைப் போருக்குப் பின் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஹாலண்ட் பர்க்கெட். அவர் தொழிலால் கால்நடை மருத்துவர். 1949இல் சங்கம் '750 ஃபார்முலா' என்ற பந்தய விதித்தொகுப்பை வகுத்தது. ஆஸ்டின் 7 சட்டகமும் எஞ்சினும்தான் அடிப்படை. காற்றை அழுத்திச் செலுத்தும் சூப்பர்சார்ஜர் கூடாது. விதிகளின் உட்பொருள் ஒன்றுதான்: பணத்தைக் கொண்டு வெல்ல முடியாதபடி செய்வது. என் பார்வையில் இக்கதையில் மிக முக்கியமான தருணம் இது. அதுவரை வறுமை இவர்களுக்கு நேர்ந்த ஒன்று. இப்போது அதையே தங்களுக்கு விதியாகத் தேர்ந்துகொண்டார்கள். நான்கு சீர்களுக்குள்ளும் தளைக்குள்ளும் நின்று எழுதுகிறவனுக்கு இதன் இன்பம் புரியும். கட்டு இறுகும்போது, அதுவரை யாரும் பார்க்காத ஓர் இண்டு கண்ணில் படுகிறது.

அப்படி இண்டு கண்டுபிடித்தவர் காலின் சாப்மன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் மாணவர். நண்பர் ஒருவரோடு பழைய கார் வாங்கி விற்கும் பக்கத் தொழில். 1947 இலையுதிர் காலத்தில் தனிப்பட்ட பயணத்துக்கான பெட்ரோல் பங்கீட்டை அரசு ரத்து செய்ததும் பழைய கார் சந்தை படுத்துவிட்டது. மிஞ்சியது விற்க முடியாத ஓர் ஆஸ்டின் 7. காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் அதைப் பிரித்து, பிளைவுட் உடல் அமைத்து, 1948இல் அதற்கு லோட்டஸ் என்று பெயரிட்டார்.

1951இல் ஆலன் சகோதரர்களோடு சேர்ந்து 750 ஃபார்முலாவுக்கென்றே அவர் கட்டிய மூன்றாவது லோட்டஸில்தான் அந்த இண்டு வெளிப்பட்டது. ஆஸ்டின் எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கு இரண்டே காற்றுவாய்கள். இரண்டு சிலிண்டர்கள் ஒரு வாயைப் பகிர்ந்துகொள்ளும். பகிர்பவை அடுத்தடுத்து மூச்சிழுப்பதால் ஒன்றின் பங்கை மற்றது தின்றுவிடும். சாப்மன் அந்த வாய்க்குள் ஒரு தடுப்பை நுழைத்து இரண்டாகப் பிரித்தார். இரண்டு நான்காயிற்று. விதியில் அதற்குத் தடை இருக்கவில்லை. அந்தப் பருவத்தில் அவரை யாராலும் நெருங்க முடியவில்லை. பிறகு விதி திருத்தப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில், 1963இல், ஜிம் கிளார்க் ஓட்டிய லோட்டஸ் உலகப் பட்டத்தை வென்றது.

உலகின் மறுகோடியில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மோட்டார் பட்டறை வைத்திருந்த லெஸ் மக்லாரன் 1929ஆம் ஆண்டின் ஆஸ்டின் 7 அல்ஸ்டர் ஒன்றைத் துண்டு துண்டாக வாங்கிவந்தார். அல்ஸ்டர் என்பது தொழிற்சாலையே செய்த பந்தய வடிவம். இடுப்பு மூட்டு நோயால் சிறுவயதில் நீண்டகாலம் படுக்கையில் கிடந்த அவர் மகன் புரூஸ், அதைத் தந்தையோடு சேர்ந்து பூட்டி, 15 வயதில் போட்டிக்கு இறங்கினான். அந்தப் பையனின் பெயர் தாங்கிய அணி 1966இல் ஃபார்முலா 1 பந்தயத்துக்குள் வந்தது.

ஆனால் ஸ்பெஷல்களின் வரலாற்றை இப்பெயர்களோடு முடிப்பது, சங்க இலக்கியத்தைக் கபிலரோடும் பரணரோடும் முடிப்பதைப் போன்றது. கட்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் உலகப் பட்டம் எதையும் நினைத்துப் பார்க்காதவர்கள். ஓர் எழுத்தர், ஓர் ஆசிரியர், ஒரு பயிற்சித் தொழிலாளி; ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டி, பாதி வண்டிகள் முடியாமலே போயின. முடிந்தவற்றில் பல அருவருப்பானவை, சில ஆபத்தானவை. 1960இல் பத்தாண்டு கடந்த வாகனங்களுக்கு பிரேக், ஸ்டியரிங், விளக்குச் சோதனை கட்டாயமானபோது இத்தகையவை சாலையிலிருந்து மறைந்தன. அதைக் குறை சொல்வதற்கில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் இஸிகோனிஸின் மினி வெளிவந்திருந்தது. குறைந்த விலையில் வேகமாக வளைந்து திரும்பும் கார் கடையிலேயே கிடைக்கும்போது யார் வெல்டிங் செய்வார்? ஆஸ்டின் நிறுவனம் அந்த மினியை முதலில் என்ன பெயரில் விற்றது தெரியுமா? ஆஸ்டின் செவன்.

அடுத்து வந்த காலம் மீட்டெடுப்பின் காலம். பழைய கார்களுக்கு மதிப்பு ஏறியது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் இருப்பவற்றுக்கே கூடுதல் விலை என்றானது. காயலான் கடையில் சீந்துவாரற்றுக் கிடந்த உடல்களைத் தேடி அலைந்தார்கள். 1950களில் ஒருவர் தகரம் அடித்து உருவாக்கிய ஸ்பெஷல், இப்போது ஓர் அசல் சட்டகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் குப்பையாகத் தெரிந்தது. அதை உரித்தெடுத்து, 1930ஆம் ஆண்டின் வண்டியை மீண்டும் கட்டினார்கள். இன்னும் வேடிக்கை, சாதாரண வண்டிகளை வெட்டிப் புதிதாக அல்ஸ்டர் நகல்கள் செய்ததும் நடந்தது.

தமிழ் படித்தவனுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்று பிரிப்பது பதிப்பாசிரியரின் தலையாய கடமை. ஆனால் பின்னால் வந்த ஒருவர் ஏட்டில் எழுதிச் சேர்த்ததைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஏட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று எந்தப் பதிப்பாசிரியரும் சொல்லமாட்டார். இடைச்செருகல் என்று உறுதியானதையும் அடிக்குறிப்பில் தருவார். காரில் அடிக்குறிப்புக்கு இடமில்லை. தொழிற்சாலையில் அச்சுவார்த்ததுபோல் செய்த 2,90,000 கார்களில் இன்னொன்றை மீட்பதற்காக, உலகில் ஒன்றே ஒன்றாக இருந்த ஒரு கைவேலை அழிகிறது. எல்லா ஸ்பெஷல்களையும் காக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் துரட்டியை எடுக்கும் முன், அந்த வெல்டிங் தையல் யாருடைய ஞாயிற்றுக்கிழமைகள் என்று ஒருமுறை கேட்டுவிடலாம்.

மக்லாரனின் அல்ஸ்டர் பிழைத்துவிட்டது. வோக்கிங் நகரில் அந்நிறுவனத்தின் தலைமையகத்தில் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். சாப்மனின் முதல் லோட்டஸுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. ஓ.எக்ஸ். 9292 என்ற பதிவெண் கொண்ட அந்த வண்டியை அவர் 1950இல் விற்றுவிட்டார்; அதன்பின் தடயமில்லை. எழுபதாம் ஆண்டான 2018இல் லோட்டஸ் நிறுவனமும் சாப்மனின் மகனும் அதைத் தேடித்தருமாறு உலகெங்குமுள்ள ஆர்வலர்களுக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். எங்கேனும் ஒரு கொட்டகையில் அது கிடக்கலாம். அல்லது, யாரோ ஒருவர் அந்தப் பிளைவுட் உடலை உடைத்து அடுப்புக்குப் போட்டுவிட்டு, சட்டகத்தின் மேல் தொழிற்சாலை உடல் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பூட்டி, ஒழுங்கான ஆஸ்டின் 7 ஆக அதை ஞாயிறுதோறும் ஓட்டிக்கொண்டும் இருக்கலாம்.