விடுமுறைக்கு எங்கே போவது? எங்கள் துறைக்கே போவோம்



தவணை முடியப் போகிறது. விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டால், வசதியுள்ள பிள்ளைகள் நுவரெலியா, எல்ல என்கிறார்கள். மற்றப் பிள்ளைகள், "ஒரு இடமும் இல்லை சேர், இங்க என்ன இருக்கு?" என்கிறார்கள். மலைநாடு பார்க்க வேண்டிய இடம்தான். எங்கள் தீவில் மலையும் இல்லை, அருவியும் இல்லை. மேடான இடம் என்றால் மண்கும்பானில் காற்று குவித்து வைத்த மணல்தான். ஆனாலும் "இங்க என்ன இருக்கு" என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்தோம். அதற்காகத்தான் இந்த நீண்ட பதிவு. பெற்றோர் வாசித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதே ஆசை.

தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குப் போ என்று கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஆகவே வீட்டு வாசலில் இருந்தே தொடங்குவோம்.

*முதல் நாள்: ஊர்காவற்றுறை*

கரம்பொனில் இருந்து சைக்கிளில் போகலாம், நடந்தும் போகலாம். காசு தேவையில்லை. காலை வெயில் ஏறுமுன் இறங்குதுறையில் நின்று எதிரே பாருங்கள். எங்கள் தீவுக்கும் காரைநகருக்கும் இடையில், கடலுக்கு நடுவே ஒரு கோட்டை நிற்கிறது. அதுதான் கடற்கோட்டை. மணல் திட்டு ஒன்றின் மேல் போர்த்துக்கேயர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தர் இரண்டு வார அளவில் அதைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு பார்த்தால், கடல் அடியில் இருந்த மணலை அரித்து வைத்திருந்தது. அதைத் திருத்திப் பலப்படுத்தி "ஹம்மன்ஹீல்" என்று பெயர் வைத்தார்கள். பன்றித் தொடையின் குதி என்பது அதன் பொருள். வரைபடத்தில் இலங்கைத் தீவு அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடை போலத் தெரிந்ததாம். எங்கள் கோட்டை அதன் குதியில் இருக்கிறதாம்! பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், இந்தப் பெயரை ஒருநாளும் மறக்க மாட்டார்கள்.

அதே கோட்டை பிரித்தானியர் காலத்தில் தொற்றுநோயாளரைத் தனியே வைக்கும் இடமாக இருந்தது. 1971 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களுக்குச் சிறையானது. இன்று கடற்படை நடத்தும் விடுதி. காவல், நோய், சிறை, உல்லாசம் என்று ஒரே கட்டிடம் நாலு வேலை பார்த்திருக்கிறது. உள்ளே போக விரும்புபவர்கள் காரைநகர்ப் பக்கமிருந்து கடற்படையின் படகில் போகலாம். முடியாதவர்கள் கரையில் இருந்து படம் வரையலாம். அதுவும் போதும்.

இந்தக் கரையில் உருண்டிக் கோட்டை இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதை விட, மிச்சம் இருக்கிறது என்று சொல்வதே பொருத்தம். இதுவும் போர்த்துக்கேயர் கட்டியதுதான். யாழ்ப்பாணத்துக்குள் போகும் கடல்வாயை இரண்டு கரையில் இருந்தும் காவல் செய்யத்தான் இரண்டு கோட்டைகள். ஒன்றுக்கு நிறம் பூசி விளக்குப் போட்டிருக்கிறார்கள். மற்றதின் முருகைக்கற்கள் பற்றைக்குள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகள் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கட்டும். ஏன் இந்த வித்தியாசம் என்று அவர்களே கேட்பார்கள்.

திரும்பும்போது பெயர் விளையாட்டு ஒன்று விளையாடலாம். போர்த்துக்கேயர் தங்கள் மொழியில் இறங்குதுறைக்கு உரிய சொல்லை எங்கள் துறைக்கு வைத்தார்கள். அதுதான் ஆங்கிலத்தில் "கயிற்ஸ்" ஆனது. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை இங்கே இறக்கினார்கள். எங்கள் தீவு லெய்டன், காரைதீவு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ற் மட்டும்தான் இன்றுவரை வழக்கில் நிலைத்தது. மற்ற இடங்களில் அவர்கள் வைத்த பெயர் போய்விட்டது, எங்கள் பெயர் நின்றது.

*இரண்டாம் நாள்: நயினாதீவு*

குறிகட்டுவான் போய் வள்ளம் ஏறினால் சிறிது நேரத்தில் நயினாதீவு. நாகபூஷணி அம்மன் கோயில், நாகவிகாரை, பள்ளிவாசல் மூன்றும் நடந்து பார்க்கக்கூடிய சின்னத் தீவு. நாக அரசர்களான சூளோதரனும் மகோதரனும் மணி ஆசனம் ஒன்றுக்காகப் போர் செய்யப் போனபோது புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்று மகாவம்சம் சொல்லும் நாகதீபம் இதுவே என்று பௌத்தர்கள் வருகிறார்கள். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இதுவே என்பாரும் உண்டு.

பெரும்பாலான பயணிகள் கும்பிட்டுவிட்டு, படம் எடுத்துவிட்டு, அடுத்த வள்ளத்தில் திரும்பிவிடுகிறார்கள். கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அந்தக் கல்வெட்டில் எங்கள் துறையின் பெயர் இருக்கிறது.

பாடப்புத்தகத்தில் பராக்கிரம சமுத்திரம் கட்டிய அரசனாக வருகிறானே முதலாம் பராக்கிரமபாகு, 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையில் ஆண்டவன், அவனுடைய கட்டளை அது. கட்டளை தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். அதில் வரும் "ஊராத்துறை" எங்கள் ஊர்காவற்றுறைதான்.

அந்தக் கட்டளையின் கருத்தை எங்கள் வார்த்தையில் சொல்கிறோம். பிறநாட்டார் ஊராத்துறைக்கே வந்து தங்க வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும். பல துறைகளில் இருந்தும் ஆட்கள் எங்கள் துறைக்கு வந்து கூட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு பண்டங்கள் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் சரிபாதி அரசனுக்கு, சரிபாதி உடையவனுக்கு.

பாதியை அரசன் எடுக்கிறானே, இது என்ன நீதி என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. அக்காலத்தில் கரையில் உடைந்த கப்பலின் பொருள் முழுவதையும் அந்தக் கரையை ஆள்பவன் எடுத்துக்கொள்வது பல நாடுகளில் வழக்கம். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்ற துறையில் காகதீய அரசன் கணபதிதேவன் 1244 அளவில் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. புயலில் உடைந்த கப்பல்களின் பொருளை முந்திய அரசர்கள் முழுதாகப் பறித்தார்கள், நாங்கள் உரிய தீர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுகிறோம் என்று அவன் அதில் சொல்கிறான். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு முன்னதாகவே எங்கள் துறைக்கு ஒரு பங்குக் கணக்கு இருந்திருக்கிறது. அரசனுக்குக் குதிரையும் யானையும் போருக்கு வேண்டும், அதனால் சலுகை கொடுத்தான். அது உண்மைதான். அதே அரசன் சோழநாட்டின் மேல் படையனுப்ப ஊராத்துறையிலும் ஆட்களையும் கப்பல்களையும் சேர்த்தான் என்று திருவாலங்காட்டுச் சோழக் கல்வெட்டு சொல்கிறது. அவனை நல்லவன் என்று நிறுவ நாங்கள் வரவில்லை. எங்கள் துறையைப் பற்றிக் கல்லில் வெட்டிய சட்டத்தில், வந்தவனைக் காப்பாற்று என்ற வரி இருக்கிறது. அதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கியதோடு எங்கள் தமிழ் அயலவர்கள் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு குடாநாட்டுக்கு ஓடினார்கள். பலர் இன்னும் திரும்பவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்கு இரண்டு மணித்தியாலம்தான் கொடுக்கப்பட்டது. பலருடைய வாழ்க்கை அதன்பின் புத்தளத்து முகாம்களில் கழிந்தது. உடைந்த கப்பலின் சொந்தக்காரனுக்குப் பாதியாவது விட வேண்டும் என்று கல்லில் எழுதியிருந்த கரை இது. எங்கள் இரண்டு சமூகத்துக்கும் அந்தப் பாதிகூட மிஞ்சவில்லை. பழையதைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. ஒரே ஆண்டில் இரண்டு பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனோம் என்பதை எங்கள் பிள்ளைகள் ஒன்றாக இருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

*மூன்றாம் நாள்: நெடுந்தீவு*

குறிகட்டுவானில் இருந்து படகில் ஒரு மணித்தியாலம் அளவில். சோழகக் காற்று பலமாக வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும். சின்னப் பிள்ளைகளோடு போவதென்றால் காற்றை விசாரித்துவிட்டுப் போங்கள். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வேலிகளைப் பாருங்கள். சாந்து இல்லாமல் நிற்கின்றன. கட்டாக்காலியாகத் திரியும் மட்டக் குதிரைகள், ஒல்லாந்தர் காலக் குதிரை லாயத்தின் தூண்கள், புறாக்கூடு, இடிந்த கோட்டை எல்லாம் பார்க்கலாம். பெருக்க மரத்தின் உள்ளே பிள்ளைகள் புகுந்து நிற்கலாம். அந்த மரத்தின் தாயகம் ஆபிரிக்கா. அரபு வணிகர் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். குதிரையும் மரமும் கடல் கடந்து வந்தவைதான். இன்று அவை இல்லாமல் நெடுந்தீவை நினைக்க முடியுமா?

படகில் இருக்கும்போது பெரிய பிள்ளைகளுக்கு "குமுதினி"யைப் பற்றிச் சொல்லுங்கள். 1985 மே 15 அன்று நெடுந்தீவில் இருந்து வந்த அந்தப் படகில் பெண்கள், குழந்தைகள் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இதே கடல்வழிதான்.

*அரை நாள்: கரம்பொன்*

கடைசியாக எங்கள் ஊர். தனிநாயகம் அடிகளார் 1913 ஓகஸ்ட் 2இல் பிறந்த ஊர். ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் பாடசாலையில் படித்த பிள்ளை. 1964இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தது. அதே ஆண்டு, 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதி ஒன்றை அங்கேயே மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். போர்த்துக்கேயர் இங்கே வந்து எங்கள் துறைக்குத் தங்கள் சொல்லை வைத்தார்கள் என்று மேலே சொன்னோம். கரம்பொன் பிள்ளை ஒருவர் ஐரோப்பாவுக்குப் போய், அவர்கள் எழுதி வைத்திருந்த எங்கள் சொற்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். திண்ணை வைத்த பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில வீடுகளுக்குள் ஆலமரம் வேர்விட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சியிடமோ அப்புவிடமோ, இது யாருடைய வீடு, எங்கே போனார்கள் என்று பிள்ளைகள் கேட்டு ஒரு கொப்பியில் எழுதட்டும். வீட்டின் பெயர், கிணற்றின் பெயர், காணிப் பெயர், பழைய வள்ளங்களின் பெயர் எதுவானாலும் சரி. சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். கல்வெட்டை இந்திரபாலா போன்றவர்கள் வாசிப்பார்கள். இந்தப் பெயர்களை எங்களைத் தவிர வேறு யாரும் எழுதப் போவதில்லை.

சில வேண்டுகோள்கள். கோயில், விகாரை, பள்ளிவாசல் எதுவானாலும் செருப்பைக் கழற்றி, அங்குள்ளவர்களிடம் கேட்டு உள்ளே போங்கள். கடற்படை நிற்கும் இடங்களில் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கோட்டைக் கல், முருகைக்கல் எதையும் நினைவுக்கென்று வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பிளாஸ்டிக் போத்தலைக் கடலில் எறிய வேண்டாம்.

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வரும் உறவுகளே, உங்கள் பிள்ளைகளையும் எங்கள் பிள்ளைகளோடு விடுங்கள். ஒரு சைக்கிள் இரவல் வாங்கித் தரலாம். பாடசாலை திறக்கும்போது கொப்பியில் எழுதிய பெயர்களோடு வாருங்கள் பிள்ளைகளே. முதல் பாடவேளையில் ஒவ்வொருவராக வாசிப்போம்.