காட்சி கொடுத்தாரா, கொடுத்தாராமா? வேளாங்கண்ணி வரலாற்றை எழுதுவது பற்றி

போன தவணையில் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி ‘நான் போக விரும்பும் திருத்தலம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதிக் கொடுத்தாள். முதல் வரி இப்படி இருந்தது: “16-ஆம் நூற்றாண்டில் வேளாங்கண்ணியில் மாதா ஒரு பால்காரச் சிறுவனுக்குக் காட்சி கொடுத்தார்.” நான் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, பக்கத்தில் “சான்று?” என்று எழுதினேன். மறுநாள் அவள் என் மேசையருகே வந்து நின்று, “அப்போ எங்க பாட்டி பொய் சொல்றாங்களா டீச்சர்?” என்று கேட்டாள்.

சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் பாட்டி ரெங்கத்தைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். (சிம்பாங் ரெங்கம் இல்லை, ரயில் நிலையம் உள்ள எங்கள் ரெங்கம். வெளியூர் ஆசிரியர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.) அவர் சொன்ன கதையைத்தான் பேத்தி எழுதியிருக்கிறாள். நான் கேட்ட கேள்வி வரலாற்று மாணவருக்குச் சரியான கேள்விதான். ஆனால் கேட்ட விதத்தில் பாதி தப்பு என் மேல். அதனால் இந்தக் கட்டுரை.

முதலில் மரபு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வேளாங்கண்ணி, நாகப்பட்டினத்துக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள கடலோர ஊர். அங்கே வழங்கும் கதைகள் மூன்று. நாகப்பட்டினத்து எசமானுக்குப் பால் கொண்டுபோன சிறுவன் ஒருவன் குளக்கரை ஆலமரத்தடியில் களைப்பாறினானாம். கையில் குழந்தையோடு வந்த ஒரு பெண்மணி பால் கேட்டாராம். அவன் கொடுத்தான். எசமான் வீட்டுக்குப் போனால் குறைந்திருக்க வேண்டிய குடம் பொங்கி வழிந்ததாம். இரண்டாவது கதை நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனுடையது. குழந்தைக்கு மோர் கேட்ட தாய், நாகப்பட்டினத்துக்குப் போய்த் தனக்கு ஒரு சிற்றாலயம் கட்டச் சொல் என்று அனுப்ப, அவன் எழுந்து ஓடினானாம். ‘ஆரோக்கிய மாதா’ என்ற பெயரை இந்தக் குணமாதலோடுதான் மக்கள் சேர்த்துப் பேசுகிறார்கள். மூன்றாவது, மக்காவிலிருந்து கொழும்புக்குப் போன போர்த்துகீசியக் கப்பல் புயலில் சிக்கிய கதை. கரை சேரும் இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டுவதாக மாலுமிகள் நேர்ந்துகொண்டார்களாம். அவர்கள் வேளாங்கண்ணியில் கரையேறிய நாள் செப்டம்பர் 8, மாதாவின் பிறந்த நாள் திருவிழா.

மேலே எத்தனை ‘ஆம்’ போட்டிருக்கிறேன், கவனித்தீர்களா? அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் இரண்டு கதைகளுக்கும் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட விசாரணைக் குறிப்பு என்று எதுவும் கையில் இல்லை. பிரான்சில் உள்ள லூர்து நகரோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கே 1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை, 14 வயது பெர்னதெத் 18 முறை காட்சி கண்டதாகச் சொன்னாள். போலீசும் விசாரித்தது, திருச்சபையும் விசாரித்தது. 1862-ல் ஆயர் தீர்ப்பு எழுதினார். போர்த்துகலின் பாத்திமாவில் 1917-ல் நடந்ததாகச் சொல்லப்பட்டவைக்கு 1930-ல் ஆயரின் அங்கீகாரம் வந்தது. தேதி, சாட்சி, தீர்ப்பு எல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. வேளாங்கண்ணியில் வாய்மொழிதான் முதலில் வந்தது. காகிதம் ரொம்பப் பின்னால் வந்தது.

ஆனால் வாய்மொழியையும் சோதித்துப் பார்க்கலாம். கப்பல் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துகீசியர் மக்காவில் குடியேறியது 1557-ல். நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்களிடம் இழந்தது 1658-ல். கப்பல் புறப்பட்ட ஊர் சரியென்றால், அந்த நிகழ்ச்சி இந்த நூறாண்டுக்குள் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மாணவர்களைக் கொண்டே இந்தக் கணக்கைப் போட வைக்கலாம். சான்று இல்லை என்று கை கழுவுவதைவிட இது நல்ல வேலை.

இன்னொன்று. மக்காவிலிருந்து கொழும்புக்குப் போகும் கப்பல் வழக்கமாக மலாக்கா நீரிணை வழியாகத்தான் வர வேண்டும். மலாக்கா 1511 முதல் 1641 வரை போர்த்துகீசியர் கையில் இருந்தது நம் வரலாற்றுப் பாடத்திலேயே வருகிறது. அங்கே செயிண்ட் பால் குன்றில் கூரையில்லாமல் நிற்கும் சுவர்களைச் சுற்றுலா போன மாணவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1521-ல் துவார்த்தே கொயெல்யோ என்பவர் மாதாவின் பெயரில் அங்கே ஒரு சிற்றாலயம் கட்டினார். தென்சீனக் கடலில் ஆபத்திலிருந்து தப்பியதற்கு நன்றியாகக் கட்டினார் என்று சொல்கிறார்கள். வேளாங்கண்ணி மாலுமிகள் செய்ததும் அதே வகை வேண்டுதல்தான். கடலில் நேர்ந்துகொள்வதும் கரையில் கட்டுவதும் அந்தக் காலக் கடலோடிகளின் வழக்கம் என்பது இதிலிருந்து தெரிகிறது. கப்பல் கதை நடக்கக்கூடிய கதைதான் என்று சொல்ல இது போதும். நடந்தது என்று நிரூபிக்கப் போதாது.

இரண்டு ஆலயங்களும் டச்சுக்காரர்களைப் பார்த்தன. மலாக்காவில் அவர்கள் குன்றின் மேலிருந்த ஆலயத்தைத் தங்கள் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1753-ல் சிவப்புக் கிறிஸ்து ஆலயம் கட்டிய பிறகு மேலே இருந்ததைக் கைவிட்டார்கள். மலாக்காக் கத்தோலிக்கர் மறைந்துபோகவில்லை, 1710-ல் செயிண்ட் பீட்டர் ஆலயத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஆனால் குன்று வெறிச்சோடியது. வேளாங்கண்ணியில் சனங்கள் வருவது நிற்கவில்லை. 1771-ல் அது தனிப் பங்கானது. 1962-ல் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் அதைச் சிறிய பசிலிக்காவாக உயர்த்தினார். இன்றும் ஆகஸ்டு 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை காவி உடுத்தி நடந்தே வருகிறார்கள், மொட்டை அடிக்கிறார்கள், மணலில் முழங்காலிட்டு நகர்கிறார்கள். வருபவர்களில் இந்துக்கள் ஏராளம். மாதாவுக்கோ சேலை. என்னைக் கேட்டால் வேளாங்கண்ணியின் எழுதத்தக்க வரலாறு இந்த மக்கள்தான். காட்சியை யாரும் படம் பிடிக்கவில்லை. இவர்கள் வந்துகொண்டே இருப்பதை யாரும் மறுக்க முடியாது.

தமிழாசிரியர்களுக்கு இங்கே வீரமாமுனிவரை நினைவூட்டத் தேவையில்லை. தேம்பாவணியின் தலைவன் வளன் என்பதைத் தேர்வுக்குப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அதே முனிவர் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா மேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடியிருக்கிறார். கலம்பகம், அந்தாதி என்று நம் சிற்றிலக்கிய வடிவங்களிலேயே மாதா பக்தி குடியேறியது 18-ஆம் நூற்றாண்டில். சேலை கட்டிய மாதாவைப் போலத்தான் இதுவும்.

ஒரு சொல் எச்சரிக்கை. கத்தோலிக்கர் ‘ஆராதனை’ என்பதைக் கடவுளுக்கு மட்டுமே வைத்திருக்கிறார்கள். மாதாவுக்குச் செய்வது ‘வணக்கம்’. “மாதாவை ஆராதிக்கிறார்கள்” என்று எழுதினால் அவர்கள் நம்பிக்கையையே தப்பாக எழுதியதாகும்.

சரி, திருச்சபை என்ன சொல்கிறது? இது பலருக்குத் தெரியாது. லூர்து போல அங்கீகாரம் பெற்ற காட்சியைக்கூட நம்பியே ஆக வேண்டும் என்று கத்தோலிக்கருக்குக் கட்டாயம் இல்லை. அது தனிப்பட்ட வெளிப்பாடு என்ற வகையில் சேரும். 2024 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட புதிய நெறிமுறை இன்னும் கவனமானது. ஒரு நிகழ்ச்சி இயற்கைக்கு மேற்பட்டது என்று அறிவிப்பதை விட்டு, அங்கே வளரும் பக்திக்குத் தடையில்லை என்று சொல்வதே இனி வழக்கமாக இருக்கும். அதே ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் தேதியிட்டுத் தஞ்சாவூர் ஆயருக்கு வந்த வத்திக்கான் கடிதம் வேளாங்கண்ணிப் பக்தியைப் பாராட்டியது. பிற சமயத்தவர் அங்கே வருவதையும் நல்லவிதமாகவே குறிப்பிட்டது. ஆக, என் சிவப்பு மை கேட்ட கேள்வியை ரோமாபுரியே நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பாட்டியைப் பொய்க்காரி ஆக்காமல்.

இதற்குத்தான் நம் ‘ஆம்’. “வந்தார்” என்றால் எழுதுபவர் பொறுப்பு. “வந்தாராம்” என்றால் சொன்னவரை நம்பிச் சொல்கிறேன், நான் பார்க்கவில்லை என்று பொருள். ஓரெழுத்து ஈரெழுத்தில் தமிழ் இந்த வேலையை முடித்துவிடுகிறது. கட்டுரை நடையில் ‘ஆம்’ கொஞ்சம் கேலியாகத் தொனிக்கும் என்றால் “என்பது மரபு”, “என்று நம்புகிறார்கள்” என்று எழுதலாம். “கட்டுக்கதை” என்று எழுதினால் அதற்கும் சான்று காட்ட வேண்டும் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் அந்த மாணவிக்குச் சொன்னேன். கூடவே நாகப்பட்டினத்தைப் பற்றியும் சொன்னேன். ரஜூலா போன்ற கப்பல்கள் ஆள் ஏற்றிப் பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்த துறைமுகம் அது. தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் பலர் கடைசியாக மிதித்த தமிழ் மண், வேளாங்கண்ணிக்குப் பக்கத்து ஊர். “பாட்டியோட அப்பாவும் அங்கதான் ஏறினாராம்” என்றாள். அவளே ‘ஆம்’ போட்டுவிட்டாள்.

பிறகு இன்னொன்று கேட்டாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தபோது பேராலயத்துக்குள் தண்ணீர் போகவில்லை என்கிறார்களே, அதை எழுதலாமா? எழுதலாம் என்றேன், பலரும் சொன்ன செய்தி அது. ஆனால் அந்தக் காலையில் அதே ஊர்க் கடற்கரையில் யாத்திரிகர்களும் கடைக்காரர்களுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், அந்த வரியையும் பக்கத்திலேயே எழுது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். திருத்திக் கொண்டுவந்த கட்டுரையில் இரண்டு வரியும் இருந்தன. நடுவில் ‘ஆனால்’ போடாமல் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வைத்திருந்தாள்.